வைக்கலாம், எடுக்க முடியாது

ஜூலை இருபத்தாறாம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, அருப்புக்கோட்டை நூற்பாலைக் காலனி மூன்றாம் தெரு ஒன்பதாம் எண் வீட்டில், முருகலட்சுமி தன் மாமனாருக்கும் கணவனுக்கும் ஹாலில் காபி வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் காலி டம்ளர்களை எடுக்க வந்தபோது, அவள் கை நிலைப்படிக்கு அப்பால் போகவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. குறுக்கே கண்ணாடி இல்லை, வலை இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. உள்ளே சுழன்ற மின்விசிறியின் காற்று அவள் முகத்தில் அடித்தது, அடுப்படியின் தாளிப்பு வாசனை அவளைத் தாண்டி ஹாலுக்குள் போனது, ஒரு ஈ உள்ளே போய் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்துவிட்டுச் சாவகாசமாக வெளியே வந்தது. அவள் காலை எடுத்து வைத்தால் கால் நின்றது. கையை நீட்டினால் கை நின்றது. ஒரு தட்டில் நாலு இட்லி எடுத்துவந்து நீட்டிப் பார்த்தாள். தட்டோடு கை உள்ளே போயிற்று, நிலைப்படிக்கு உள்பக்கம் தட்டை வைத்தது, வெறுங்கையாகத் திரும்பி வந்தது. அதே தட்டை எடுக்கப் போனபோது மறுபடி நின்றது.

"என்னாச்சு?" என்று கணவன் ரவீந்திரன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"உள்ள வர முடியலைங்க. வைக்க முடியுது, எடுக்க முடியலை."

"நேத்து கம்ப்யூட்டர்லயும் அதானே சொன்ன?"

"ஆமா. அதேதான்."

"அப்ப செல்வினுக்குத்தான் போன் போடணும்" என்று சொல்லிவிட்டு, ரவீந்திரன் இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

முந்தைய நாள் அந்த வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தார்கள். ஒன்று ஹாலில் இருந்தது. அதில்தான் பிரிண்டரும் ஸ்கேனரும் உண்டு, ரவீந்திரன் தன் இன்சூரன்ஸ் வேலைக்கும் அவன் அப்பா தெய்வநாயகம் மனுக்கள் எழுதவும் அதைப் பயன்படுத்தினார்கள். இன்னொன்று அடுப்படியை ஒட்டிய அறையில் இருந்தது. அதில் முருகலட்சுமி பள்ளிகளுக்குக் கேள்வித்தாளும் கல்யாணங்களுக்குப் பத்திரிகையும் டைப் அடித்தாள். அடித்ததை இங்கிருந்து அங்கே கொண்டுபோக ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு நடக்கவேண்டியிருந்ததால், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் செல்வினை அழைத்து, ஹால் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் போடச் சொன்னார்கள். செல்வின் கேபிள் இழுத்தான், சுவரில் ஓட்டை போட்டான், இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே குழுப் பெயர் கொடுத்தான், பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"சார், ஓனர் யார் பேர்ல போடட்டும்?"

தெய்வநாயகம் யோசிக்கவே இல்லை. "எங்கப்பா பேர்ல போடுங்க தம்பி. அழகர்சாமி."

அழகர்சாமி இறந்து முப்பத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வீட்டின் கரண்ட் பில் இன்றும் அழகர்சாமி பெயரில்தான் வந்தது, வீட்டு வரியும் தண்ணீர் வரியும் அவர் பெயரில்தான் வந்தன, காஸ் புத்தகத்தில்கூட அவர்தான் இருந்தார். அந்தத் தெருவில் பத்தொன்பது வீடுகள்; பதினாலு வீடுகளில் செத்தவர்களே வீட்டுக்காரர்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

"சரி சார். இப்ப யார் யாருக்கு என்ன பர்மிஷன்?"

"எனக்கும் பையனுக்கும் எல்லாம். மருமகளுக்கு, அடிச்சதை இதுல வைக்கிற மாதிரி செஞ்சா போதும்."

"எடுக்கிறது? திறந்து பார்க்கிறது?"

"இங்க இருக்கிறதை எடுத்து அவ என்ன செய்யப்போறா?"

ரவீந்திரன் தலையை ஆட்டினான். செல்வின் இரண்டு கட்டங்களில் டிக் போட்டான், ஒரு கட்டத்தில் டிக்கை எடுத்தான். அன்று சாயங்காலம் முருகலட்சுமி தன் அறையிலிருந்து அந்தப் பொது ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தபோது அனுமதி இல்லை என்று வந்தது. மறுநாள் காலை ஹாலும் அதையே சொன்னது. காரணம் என்று சொல்ல இதற்குமேல் எதுவும் இல்லை, பிறகு யாரும் தேடவும் இல்லை.

அவளுக்கு அந்த ஹாலிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று இருந்தது. முருகலட்சுமி அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஆறு வருடத்தில் நாலாவது முயற்சி. அடுப்பில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படித்த படிப்பு. சான்றிதழ்களை ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாலை ஐந்தரை மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஸ்கேன் செய்த நகல்கள் ஹால் கம்ப்யூட்டரில் இருந்தன. அசல்கள் ஒரு நீல ஃபைலில், தெருவாசலை ஒட்டி நின்ற இரும்பு பீரோவுக்குள் இருந்தன. பீரோவின் சாவி தெய்வநாயகத்தின் அரைஞாணில் இருந்தது. நிலைப்படியிலிருந்து பீரோவுக்குப் பன்னிரண்டு அடி.

செல்வின் வந்தான். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டான், ரவுட்டரை அணைத்துப் போட்டான், கேபிளைக் கழற்றி மாட்டினான், ஃபயர்வாலை நிறுத்தினான், குழுப் பெயரை மாற்றி மறுபடி பழைய பெயரையே வைத்தான், ஒவ்வொன்றுக்குப் பிறகும் "இப்ப பாருங்கக்கா" என்றான், ஒவ்வொரு முறையும் முருகலட்சுமி கையை நீட்டினாள், கை நின்றது. தெருப்பக்கமாகச் சுற்றி வந்தும் பார்த்தாள். முன்வாசலிலும் அப்படியே நின்றது. மூன்றாவது தடவை வந்தபோது செல்வின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"நெட்வொர்க்ல தப்பே இல்ல சார். அதுபாட்டுக்குச் சரியா வேலை செய்யுது. நாம கொடுத்த பர்மிஷன் அப்படி. ஓனர் பேர்ல உள்ள போயி, அக்காவுக்கு ஒரு டிக் போட்டா முடிஞ்சது. பாஸ்வேர்டு சார்தான் போட்டீங்க."

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்றார் தெய்வநாயகம். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவர் அவர். ஒரு காகிதம்கூட முறைதவறி அவர் மேஜையைத் தாண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. "தெரியுதுங்கிறதுக்காகப் போட்டுற முடியுமா? அது அப்பா பேர்ல இருக்கு. பேர் மாத்தணும்னா வாரிசுச் சான்றிதழ் வேணும். பம்பாய்ல இருக்கிற தம்பி கையெழுத்துப் போடணும், சூரத்ல இருக்கிறவன் போடணும். எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல?"

"சரி, அதுவரைக்கும் அக்காவோட ஃபைலை மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்திருங்களேன்."

"அப்புறம் நெட்வொர்க் எதுக்குப் போட்டோம்?" என்று ரவீந்திரன் கேட்டான். கேள்வி நியாயமாகப் பட்டதால் செல்வின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஆடிக் காற்று அடித்த அந்த நாட்களில் மூன்றாம் தெரு முழுக்க ஒன்பதாம் எண் வீட்டுக்கு வந்து போனது. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் முருகலட்சுமி நின்றாள், அந்தப் பக்கம் சோபாவில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். முறுக்குத் தட்டை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள், எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஆச்சரியப்படாமல் தலையை ஆட்டிவிட்டு முறுக்கைத் தின்றார்கள். கோயில் பூசாரி வந்து நிலையின் உயரத்தை அளந்துவிட்டு வாஸ்துவில் குறையில்லை என்றார். தெருச் சங்கச் செயலாளர் கோட்டைச்சாமி இரண்டு தடவை வந்தார். முதல் தடவை பார்த்துவிட்டுப் போனார், இரண்டாம் தடவை மனைவி பிரேமாவையும் கூட்டிவந்து காட்டினார்.

"நல்ல சிஸ்டமாத்தான்யா இருக்கு" என்றார் தெய்வநாயகத்திடம். "நம்ம வீட்டுல ஹால்ல ஒரு பேப்பரை வெச்சா மறுநாள் இருக்காது. ஒழுங்கு பண்றேன்னு எல்லாத்தையும் எடுத்துருவா. இதுல அந்தத் தொல்லையே இல்ல பாருங்க."

"பாதுகாப்பு" என்றார் தெய்வநாயகம்.

"அதைத்தான் சொல்றேன்."

பிரேமா நிலைப்படிக்கு வெளியே முருகலட்சுமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தேதி என்னைக்கு?" என்று கேட்டாள். "பதினேழு" என்றாள் முருகலட்சுமி. பிரேமா ஹாலுக்குள் போய், "அண்ணே, அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க, நான் எடுத்துக் கொடுத்திடுறேன்" என்று கேட்டதற்கு, "அடுத்த வீட்டு பீரோவுல உனக்கு என்னம்மா வேலை?" என்று தெய்வநாயகம் சிரித்தார், கோட்டைச்சாமியும் சிரித்தார், மறுநாள் கோட்டைச்சாமி வீட்டில் செல்வின் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் முதல் வாரம் முடிவதற்குள் பதினொரு வீடுகளில் கேபிள் இழுத்தாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஓனர் ஒரு செத்துப்போன தாத்தா, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டத்தில் டிக் எடுக்கப்பட்டது, ஒவ்வொரு வீட்டிலும் மறுநாள் காலையில் ஒரு பெண்ணின் கை நிலைப்படியில் நின்றது. காரியத்தைத் தெரு மிகச் சீக்கிரம் பழகிக்கொண்டது. பெண்கள் வைத்தார்கள், வைத்தது அங்கேயே இருந்தது. டம்ளர்கள் ஹாலில் சேர்ந்தன, தட்டுகள் சேர்ந்தன, கிண்ணங்கள் சேர்ந்தன, வாரக் கடைசியில் அடுப்படிகளில் டம்ளரே இல்லாமல் போய், காபியைச் செம்பில் வைத்தார்கள், செம்பு தீர்ந்து டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தார்கள், முனைக் கடையில் பேப்பர் கப் ஒரு நாளைக்கு நானூறு போனது. ஆண்கள் எச்சில் தட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்காரப் பழகினார்கள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் போய்வர எல்லா அனுமதியும் அவர்களுக்கு இருந்தது. பதினொரு வீடுகளில் ஒரு வீட்டில்கூட, ஒரு நாள்கூட, ஒரு ஆண்கூட, தான் குடித்த ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைக்கவில்லை. இதைத் தெரு ஒரு விஷயமாகவே எண்ணவில்லை. சங்கக் கூட்டத்தில் செல்வினுக்குத் துண்டு போட்டுப் பாராட்டினார்கள். நாளிதழ் ஒன்று உள்ளூர்ப் பக்கத்தில் ஆறு வரி போட்டது: வீட்டு நெட்வொர்க்கில் கோளாறு, இல்லத்தரசிகள் அவதி. அந்த ஆறு வரியில் பீரோ இல்லை, சாவி இல்லை, பதினேழாம் தேதி இல்லை.

முருகலட்சுமி தினமும் கேட்டாள். இரண்டாம் தேதி கேட்டபோது, "செல்வின் சரி பண்ணினதும் நீயே எடுத்துக்கலாமே" என்றான் ரவீந்திரன். ஐந்தாம் தேதி, "இன்னும் நாள் கெடக்கு" என்றான். ஒன்பதாம் தேதி, "அப்பா மனு எழுதிட்டிருக்காருல்ல" என்றான். மனு உண்மைதான். வாரிசுச் சான்றிதழ் கோரித் தெய்வநாயகம் நாலு பக்கம் எழுதி, பிழை திருத்தி, மறுபடி எழுதினார். டைப் அடிப்பதற்கு மருமகளிடம்தான் கொடுத்தார், அவள் அடித்துப் பொது ஃபோல்டரில் வைத்தாள், அது தடையில்லாமல் உள்ளே போயிற்று. பன்னிரண்டாம் தேதி கேட்டபோது தெய்வநாயகம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போஸ்டிங் எங்கம்மா போடுவாங்க?" என்றார்.

"தெரியலை மாமா. எங்க வேணா போடலாம்."

"கிருஷ்ணகிரி, ஓசூர்னு போட்டாங்கன்னா?"

"போகணும் மாமா."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார்.

அவ்வளவுதான். யாரும் அவளை வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. யாரும் சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை, தாலி, குடும்பம், மானம் என்று பேசவில்லை. ரவீந்திரன் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான், சாப்பிட வந்தான், குளிக்க வந்தான், படுக்க வந்தான், ஆறு தடவையும் வெறுங்கையாக வந்தான். மறுத்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். மனிதர்கள் மறுக்கவில்லை, எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நாள், பன்னிரண்டு அடி.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் கடைசியாகக் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"இன்னைக்கா?" ரவீந்திரனுக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. "நேத்தே ஞாபகப்படுத்தக் கூடாதா? இப்ப ஒரு கஸ்டமர் வர்றாரு. மத்தியானம் பார்ப்போம்."

"மாமா?"

"மனு நாளைக்குப் போயிரும்மா" என்றார் தெய்வநாயகம். "முறைப்படி வரட்டும்."

முருகலட்சுமி அடுப்படிக்குப் போய், அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டுவந்து ஹாலுக்குள் வைத்தாள். கை தடையில்லாமல் போயிற்று. உளுந்து டின்னை வைத்தாள். மிளகாய் மூட்டையை வைத்தாள். கிரைண்டரை உருட்டிக்கொண்டுவந்து வைத்தாள். முன்னால் வைத்ததையெல்லாம் அது ஓரடி தள்ளிக்கொண்டு போனது. காஸ் சிலிண்டரை வைத்தாள், அடுப்பை வைத்தாள், குடத்துத் தண்ணீரைக் குடத்தோடு வைத்தாள், தோசைக்கல்லையும் இட்லிக் கொப்பரையையும் அம்மிக்கல்லையும் வைத்தாள், துவைக்கக் கிடந்த ஆறு நாள் துணியை ஈரத்தோடு வைத்தாள், மடக்குக் கட்டிலை மடக்கி வைத்தாள், மெத்தையைச் சுருட்டி வைத்தாள், கடைசியில் தன் கம்ப்யூட்டரையே கேபிளைப் பிடுங்கிவிட்டு மேஜையோடு தள்ளிக்கொண்டுவந்து வைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?" என்றார் தெய்வநாயகம். அரிசி டின் அவர் நாற்காலிக் காலை இடித்துக்கொண்டிருந்தது.

"வைக்கிறேன் மாமா."

"நிறுத்தச் சொல்லுடா!" என்றார் மகனிடம்.

"எனக்கு அதுக்கு அனுமதி இருக்கு மாமா. நீங்கதான் கொடுத்தீங்க."

அவள் வீட்டுப் பொருள்கள் மதியம் ஒன்றரை மணிக்குத் தீர்ந்தன. பின்வாசலில் யாரோ இருமினார்கள். பிரேமா நின்றாள், தலையில் ஓர் உரல்.

"இதையும் வை, முருகு."

"பிரேமாக்கா, உங்களுக்கு இது?"

"எங்க வீட்டு ஹால்ல வைக்க இனி இடமில்லடி. இருபது நாள் டம்ளர் இருக்கு."

அவளுக்குப் பின்னால் சந்தில் மற்றப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பதினொரு வீட்டின் பின்வாசல்களிலிருந்தும் பொருள்கள் கைமாறிக் கைமாறி வந்தன: விறகு, செங்கல், பழைய தையல் மெஷின், மாட்டுத்தீவன மூட்டை, தண்ணீர் டிரம், ஓடாத ஒரு ஃபிரிட்ஜ், கல்யாணத்துக்கு வாங்கி இருபது வருடமாகப் பிரிக்காத பித்தளை அண்டா. பெண்கள் அதிகம் பேசவில்லை. "பிடி" என்றார்கள், "பார்த்து" என்றார்கள், "கால்ல போட்டுக்காத" என்றார்கள். முருகலட்சுமி ஒவ்வொன்றையும் வாங்கி நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள், வைத்ததை அடுத்தது தள்ளியது, அதை அதற்கடுத்தது தள்ளியது. ஹால் கம்ப்யூட்டரின் திரையில் இடம் போதவில்லை என்று ஒரு கட்டம் வந்தது, பிறகு திரையையே அண்டா மறைத்தது. ரவீந்திரன் சோபாமேல் ஏறி நின்றான், அவனைப் பார்க்க வந்த கஸ்டமர் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்தார், தெய்வநாயகம் நாற்காலியோடு தெருவாசல்வரை தள்ளப்பட்டு, எல்லா அனுமதியும் இருந்தும் இடம் இல்லாமல், மூன்று மணிக்கு மற்ற இருவரோடும் தெருவில் இறங்கி நின்றார்.

மூன்று இருபதுக்கு, கனம் என்று கடைசிக்கு ஒதுக்கியிருந்த பிரேமாவின் உரலை உள்ளே நெருக்கியபோது, தெருவாசலை ஒட்டி நின்ற பீரோ அசைந்தது. மெல்லத் திரும்பியது. படியில் ஒரு கால் வைத்தாற்போல் சாய்ந்து நின்றது, பிறகு மூன்று படியும் இறங்கித் தெருவில் குப்புற விழுந்தது.

முருகலட்சுமி பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கி, தெருமுனை சுற்றி வந்தாள். தெருவில் எவன் பெயரிலும் அனுமதி எழுதி வைக்கவில்லை. நாலு பெண்கள் பீரோவைப் புரட்டினார்கள். விழுந்ததில் பூட்டு தெறித்திருந்தது. அவள் கை உள்ளே போயிற்று. நீல ஃபைலை எடுத்தது.

"அது எங்கப்பா பீரோ!" என்றார் தெய்வநாயகம்.

"தாத்தாகிட்ட இருபத்திரண்டு நாளா கேட்டேன் மாமா. அவர் வேண்டாம்னு சொல்லலை."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உள்ள பிரவுசிங் சென்டரில் அன்று கூட்டம். வரிசையில் நின்று, ஸ்கேன் செய்து, ஒன்று ஒன்றாக ஏற்றி, நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கினாள். அதை இரண்டு முறை படித்தாள். மடித்து ஃபைலுக்குள் வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தெரு நெடுக ஆண்கள் நின்றார்கள். ஒன்பதாம் எண் வீட்டு ஹால் தரையிலிருந்து விட்டம்வரை அடைத்துக் கிடந்தது, தெருவாசலில் ஒரு கிரைண்டர் பாதி வெளியே தொங்கியது. கோட்டைச்சாமி சங்கத்தைக் கூட்டவேண்டும் என்றார். இதற்கெல்லாம் காரணம் செல்வின்தான் என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ரவீந்திரன் அவளைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தான்.

"முருகு, சரி, நடந்தது நடந்துபோச்சு. இதையெல்லாம் யார் எடுக்கிறது?"

"எனக்கு வைக்கத்தானேங்க அனுமதி" என்றாள் முருகலட்சுமி. "எடுக்க அனுமதி இருக்கிறவங்க எடுக்கட்டும்."

அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பிரேமா வீட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். பிரேமா அவளுக்கு ஒரு பேப்பர் கப்பில் காபி கொடுத்தாள்.

தெருவில் நெடுநேரம் யாரும் அசையவில்லை. பிறகு தெய்வநாயகம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரைண்டருக்கும் நிலைக்கும் இடையில் கையை விட்டு, ஜூலை இருபத்தாறாம் தேதிக் காபியின் கறை காய்ந்திருந்த ஒரு டம்ளரை வெளியே எடுத்தார். ஹால் வழியாகப் போக வழி இல்லாததால் தெருமுனை சுற்றி, சந்து வழியாக, பின்வாசலில் ஏறி, முப்பத்தெட்டு வருடமாகத் தான் குடியிருக்கும் வீட்டின் அடுப்படிக்குள் வந்தார். அடுப்பு இல்லை, அம்மி இல்லை, கழுவித் துடைத்தாற்போல் வெறும் தரை. கையில் டம்ளரோடு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.